இடது பக்கம்

புதுப்பேட்டை லாயத்தில்
எட்டாம் எண் கொட்டடி.
கிண்டி ரேசில் ஓடியபோது அவன் பெயர்
மிட்நைட் பெட்டிஷன்.
எங்கள் நாக்குக்கு அது வளையவில்லை,
மனு என்று கூப்பிடுகிறோம்.

வலது பக்கம் நினைத்தாலே திரும்புவான்.
இடது வாரைத் தொட்டால்
கழுத்தைத் தூக்கி வானம் பார்ப்பான்.
"கொழுப்பு" என்றார் ரைட்டர்.
"முரட்டு வாய், கடிவாளத்தை மாத்து"
என்றார் இன்ஸ்பெக்டர்.
மாற்றினோம், இன்னும் கனமானதாக.
இதை எழுதும்போது
கை கொஞ்சம் நிற்கிறது.

முதலில் கண்டவர்
லாயம் கூட்டுகிற முனவ்வர் அண்ணன்.
"மேடம், இது என்னான்னு பாருங்க."
அவர் உள்ளங்கையில்
பாதி மென்ற புல், பச்சை உருண்டையாக,
எச்சில் சூடு ஆறாமல்.
"தெனம் ஏழெட்டு விழுது.
திங்கறான், முழுங்க மாட்டேங்கறான்."

வேப்பேரியிலிருந்து
டாக்டர் எஸ்தர் குணசீலி வந்தார்.
ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில்
ஒரு வாளி நிறைய அரங்கள்.
மயக்க ஊசி, வாய்க்கட்டை, நெற்றியில் விளக்கு.
மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் கொக்கி ஒன்று
கீழ்த்தாடையை முன்னே நகரவிடாமல்
எத்தனை மாதமாகவோ பூட்டி வைத்திருந்தது.
அரம் ராவியது.
எழும்பூரில் ரயில் வந்து நிற்கிற அதே கூச்சம்
என் பற்களில்.
சில நிமிடத்துக்கு ஒருமுறை
கட்டையைத் தளர்த்தி வாயை மூட வைத்தார்.
"தொறந்தே வெச்சா மூட்டு இன்னும் நோகும்."

பிறகு என் விரல்களைப் பிடித்து
கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வைத்தார்.
வலது பக்கம் வெறும் தோல்.
இடது பக்கம் டீ கிளாசின் வெளிச்சுவர்.
"இதான் கீல்.
நாள் முழுக்க இது மேலதான் அரைக்கிறான்.
நீங்க வாரை இழுக்கறப்போ
இது மேலதான் இழுக்கறீங்க."

அவர் எழுதிய சீட்டு
இன்னும் தூணில் ஒட்டியிருக்கிறது.
ஆறு வாரம் வாயில் இரும்பு வேண்டாம்.
மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையணும்.
புல்வலையைக் கழற்றித் தரையில் போடு,
குனிந்து தின்னப் பிறந்த உயிர்.
தவிட்டை ஊறவை.
கேரட்டைத் துருவு.

துருவி என் வீட்டிலிருந்து போனது.
மாமியார் இன்னும் தேடுகிறார்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று.
அவன் கீலை வட்டவட்டமாகத் தேய்த்து
நூறு எண்ணும்போது
என் மற்றொரு கை என் காதடியில் இருந்தது.
கொட்டாவி விட்டால் எனக்கும் அங்கே
'டக்'.
பந்தோபஸ்து நாளில்
பதினான்கு மணி நேரம் சேணத்தில்,
ஒதுங்க இடமில்லாமல்,
"யக்கா, நீ ஓட்டுறியா, அது ஓட்டுதா?"
என்று சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவில்
பல்லைக் கடித்துக்கொள் என்றார்கள்.
சொன்னபடி கடித்தேன்,
தூக்கத்திலும்.

ஏழாம் வாரம்.
காலை ஐந்தரை, மெரினா.
தெற்குப் பார்த்துப் போகிறோம்.
அவன் வாயில் ஒன்றுமில்லை,
மூக்கில் ஆட்டுத்தோல் சுற்றிய பட்டை.
கலங்கரை விளக்கம் நெருங்கும்போது
வாரைத் தொடவில்லை,
இடுப்பை மட்டும் இடப்பக்கம் திருப்பினேன்.
நாலு எட்டு யோசித்தான்.
ஐந்தாவதில்
கடல் எனக்கு நேர் எதிரே இருந்தது.

பெரிய குணம் என்று சொல்லமாட்டேன்.
ஐப்பசி மழையில் மறுபடி இரண்டு உருண்டை.
முனவ்வர் அண்ணன் எண்ணி
சாக்பீசால் தூணில் கோடு போடுகிறார்.
தை பிறந்ததும் திரும்ப அரம்.
கடிவாளம் இன்றி ஓட்ட அனுமதி கோரி
முறைப்படி நான் எழுதிய மனு
எந்த மேசையிலோ
எதன் அடியிலோ கிடக்கிறது.
இந்த மனு
தவிட்டுத் தொட்டியில் மூக்கு வரை முங்கி
இடமிருந்து வலம்
அரைத்துக்கொண்டிருக்கிறான்.